பழைய கணனியும் புதிய லெப்டொப்பும்: பணம் கொடுக்குமுன் ஒரு கணக்கு

பத்துப் பன்னிரண்டு வருடங்களாக வீட்டில் ஓடிய டெஸ்க்டொப் கணனியைக் கழித்துவிட்டு லெப்டொப் ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு எமது வீடுகள் பலவற்றில் நடக்கிறது. காரணம் இரண்டு. ஒன்று, கணனிக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது. மற்றது, 2015 இல் வெளியான வின்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழங்கி வந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அதற்குப் பின் வந்த வின்டோஸ் 11, பழைய கணனிகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. "இனி இது சரிவராது, புதிசு ஒன்று எடுங்க" என்று திருத்துபவரும் சொல்கிறார், பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

ஆனால் இது சிறிய செலவல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே வருடம் மே மாதமளவில் 360 ரூபா வரை ஏறியது. பின்னர் இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி முதல் வற் வரியும் 18 சதவீதமாகியது. 2025 இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் நிலையங்கள் உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் அவற்றின் விலையும் உயர்ந்தது. எனவே ஒரு சாதாரண குடும்பம் லெப்டொப் வாங்குவதென்றால் பல மாதச் சேமிப்பை எடுத்து வைக்க வேண்டியுள்ளது.

சரக்கு எடுக்கப் போகும் வியாபாரி மூன்று விடயங்களைப் பார்ப்பான். என்ன தேவைக்கு எடுக்கிறோம்? எடுக்கும் சாமானில் என்ன குறை இருக்கிறது? கையிலிருக்கும் பழைய சரக்கை என்ன செய்வது? வீட்டுக்குக் கணனி வாங்குபவரும் இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

தேவை என்ன?

பெரும்பாலான வீடுகளில் கணனியால் நடக்கும் வேலையை ஒரு விரல் மடக்கி எண்ணிவிடலாம். பிள்ளைகளின் சூம் வகுப்பு, கடந்தகால வினாத்தாள்களைப் பார்ப்பது, கடிதம் ஒன்று அடிப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, வெளிநாட்டிலுள்ள மகனுடன் முகம் பார்த்துப் பேசுவது, பயான் கேட்பது. இவற்றுக்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கும் கட்டட வரைபடம் போடுபவருக்கும் வேண்டியதை, வினாத்தாள் பார்க்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது மரக்கறி வாங்கப் போக லொறி பிடிப்பதைப் போன்றது.

பழையதைத் திருத்த முடியாதா?

புதிது வாங்கும் முன் பழையதன் நோய் என்னவென்று பாருங்கள். கணனியைப் போட்டதும் திகதி பல வருடம் பின்னே போய், இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கின்றனவா? அநேகமாக மதர்போர்டில் உள்ள காசு வடிவப் பற்றரி தீர்ந்திருக்கும். அது மிகச் சிறிய செலவு. பத்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் திரை தெளிகிறதா? பழைய ஹாட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, றம்மை 8 ஜீ.பி. ஆக்கினால் அதே கணனி வேறு கணனி போல் ஓடும். சத்தம் போட்டு அடிக்கடி நின்றுவிடுகிறதா? உள்ளே படிந்த தூசியையும் மின்விசிறியையும் முதலில் பாருங்கள்.

வின்டோஸ் 11 ஏறாத கணனிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். கடிதம் அடிக்க, கணக்கு எழுத லிப்ரே ஒபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. வின்டோஸ் 10 இலேயே இருக்க விரும்பும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை மேலதிகப் பாதுகாப்பு வழங்கும் திட்டம் ஒன்றையும் மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. ஆதரவு முடிந்த கணனியை அப்படியே இணையத்தில் விட்டு வங்கி வேலை பார்ப்பது மட்டும் கூடாது. பூட்டில்லாத கடைக்குள் பணப்பெட்டியை வைப்பதற்கு அது சமன்.

2007, 2008 காலத்துக் கணனியாக இருந்தால், அல்லது மதர்போர்டே போயிருந்தால், மேலும் பணம் கொட்ட வேண்டாம். மாற்றுவதே புத்தி.

லெப்டொப்பின் இலாபமும் நட்டமும்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழு நாடும் இருளில் மூழ்கியது. இப்படியான நேரத்தில் லெப்டொப் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். டெஸ்க்டொப்புக்கு யூ.பி.எஸ். வேண்டும். அதன் பற்றரியையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்பும் திரையும் சேர்ந்து 120 வொற் எடுப்பதாக வைத்து, நாளொன்றுக்கு 4 மணி நேரம் பாவித்தால் மாதம் 14 அலகுக்குச் சற்று மேலே வரும். 30 வொற் எடுக்கும் லெப்டொப்புக்கு 4 அலகும் வராது. பத்து அலகு பெரிதா என்று கேட்கலாம். மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறும் நாட்டில், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அது பெரிதுதான்.

நட்டமும் உண்டு. டெஸ்க்டொப்பில் கீபோட் பழுதானால் வேறொன்றை வாங்கிச் செருகலாம். லெப்டொப்பில் கீபோட் போனாலும், திரை உடைந்தாலும், தேநீர் கொட்டினாலும் செலவு கூட. பல மாதிரிகளில் றம் மதர்போர்டுடன் ஒட்டியே வருவதால் பின்னர் கூட்டவும் முடியாது. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேசையில் குனிந்தே பார்ப்பதால் கழுத்து வலியும் வரும். பழைய கணனியின் திரை, கீபோட், மவுஸ் நல்ல நிலையில் இருந்தால் எறிய வேண்டாம். அவற்றை லெப்டொப்புடன் இணைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. டெஸ்க்டொப் ஹோலில் ஒரு மூலையில் இருந்தது. பிள்ளை என்ன பார்க்கிறது என்பது போகிற வருகிற எல்லோருக்கும் தெரிந்தது. லெப்டொப் அறைக்குள் போகும், கதவும் சாத்தப்படும். வாங்கும் அன்றே, "இதன் இடம் இந்த மேசைதான்" என்று வாப்பாவும் உம்மாவும் சொல்லிவிடுவது நல்லது.

புதியதா, பாவித்ததா?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவுக்குப் போனாலும், ஊர்க் கடைக்குப் போனாலும் இரண்டு வகைச் சாமான் இருக்கும். முத்திரை உடையாத புதியது ஒன்று. வெளிநாட்டுக் கம்பனிகள் சில வருடம் பாவித்துக் கழித்து, இங்கே வருவது மற்றொன்று. டெல் லெடிடியூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் என்பன இரண்டாவது வகையில் அதிகம் காணப்படும் பெயர்கள். அலுவலகப் பாவனைக்கென்று உறுதியாகச் செய்யப்பட்டவை என்பதால், நல்லதாகப் பொறுக்கி எடுத்தால் சாதாரண வீட்டுக்கு இவை தாராளமாகப் போதும்.

புதியது என்ற ஒரே காரணத்துக்காக ஆகக் குறைந்த விலைச் சாமானை எடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 4 ஜீ.பி. றம்மும் 64 ஜீ.பி. சேமிப்பிடமும் வின்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த அளவு. அதைக் கொண்ட புது லெப்டொப் பெட்டி பிரித்த அன்றே திணறும். 8 ஜீ.பி. றம், 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. என்பதை வீட்டுக்கான கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாவித்ததில் ஏமாறும் இடம் வேறு. "ஹாஜியார், இது ஐ7" என்று சொன்னவுடன் விலை படிந்துவிடுகிறது. ஐ7 என்பது குடும்பப் பெயர் மட்டுமே. எந்தத் தலைமுறை என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்டெல் சில்லில் அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் இலக்கம் அதைச் சொல்லும். 4600 எனில் நான்காம் தலைமுறை, 8250 எனில் எட்டாம் தலைமுறை, 1235 எனில் பன்னிரண்டாம் தலைமுறை. பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை வின்டோஸ் 11 ஏற்காது. நான்காம் தலைமுறை ஐ7 ஐ விட பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 நன்றாக வேலை செய்யும். ஏற்காத கணனியிலும் குறுக்கு வழியில் வின்டோஸ் 11 ஐ ஏற்றி விற்பவர்கள் உள்ளனர். திரையில் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ரீகண்டிஷன் வாகனத்தில் மீற்றரைப் பார்ப்பது போல, இங்கே பற்றரியைப் பாருங்கள். வின்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று அதில் வரும். கடைப் பையனிடம் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கீபோட்டில் எல்லா எழுத்தையும் அடித்துப் பாருங்கள். கமரா, ஒலிவாங்கி, வைஃபை, சார்ஜர் அனைத்தையும் அங்கேயே சோதியுங்கள். பழைய கம்பனி போட்ட கடவுச்சொல் பூட்டு நீக்கப்பட்டுள்ளதா என்றும் கேளுங்கள். மாதிரி, தொடர் இலக்கம், உத்தரவாத காலம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இல்லாவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிட்டாலும் கையில் ஆதாரம் இருக்காது.

கடைக்கணக்கும் வீட்டுக் கணனியிலேயே எழுதுபவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பில் அடிக்கும் பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரின் அகன்ற வயர் லெப்டொப்பில் நேரடியாகப் பொருந்தாது. மிகப் பழைய கணக்கு மென்பொருள் வின்டோஸ் 11 இல் ஓடாமல் போகலாம். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள், அந்த எழுத்துருவைப் போடும் வரை விளங்காத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். சி.டி. போடும் இடமும் இப்போது பெரும்பாலும் இல்லை.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

இந்த வியாபாரத்தில் எமது இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். பாவித்த சாமானை விற்பது குறையல்ல, பாவித்ததைப் புதிதென்று விற்பதுதான் குறை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி செய்யக் கூடாதா என்று வினவி, ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவரல்ல என எச்சரித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பற்றரி அரைவாசி என்பதும், திரை மாற்றியது என்பதும் இந்த ஈரத்தைப் போன்றவையே. மறைத்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது ஃபிக்ஹில் உள்ள சட்டம். "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று சுவரில் ஒட்டிய தாள் அந்தப் பொறுப்பை நீக்காது. குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பவரிடம் வாடிக்கையாளர் மீண்டும் வருவார், தனது மச்சானையும் கூட்டி வருவார்.

தவணைக்கு வாங்குவோரும் நிதானிக்க வேண்டும். மொத்த விலையைப் பேசி முடித்து, அது கூடாமல் குறையாமல் தவணையில் செலுத்துவது வேறு. ஒரு மாதம் பிந்தினால் வட்டி ஏறும் கடன் வேறு. பத்திரத்தின் சிறிய எழுத்துக்களை வாசித்து, ஐயமிருந்தால் ஆலிம் ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பழைய பெட்டிக்குள் இருப்பது அமானிதம்

லெப்டொப் வந்த மகிழ்ச்சியில் பழைய கணனியை அப்படியே சில்லறை விலைக்குத் தள்ளிவிடுவது வழமையாகிவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறோமா? வீட்டுப் பெண்களின் கல்யாணப் படங்கள், உம்ராவுக்கு அனுப்பிய கடவுச்சீட்டுப் பிரதிகள், அடையாள அட்டைகள், வங்கிக் கடிதங்கள், கடன்காரர் பட்டியல். அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சாதாரணமாக ஃபோமட் செய்வதும் போதாது.

எளிய வழி ஒன்றுண்டு. கணனியைக் கொடுக்குமுன் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென விற்கும் யூ.எஸ்.பி. உறை ஒன்றை வாங்கிப் போட்டால், அதுவே படங்களையும் ஆவணங்களையும் வைத்துக்கொள்ளும் பெட்டியாகிவிடும். பழைய டிஸ்க் என்றாவது நிற்கக் கூடும் என்பதால் லெப்டொப்பிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மதரஸாவுக்கோ பாடசாலைக்கோ கொடுப்பதாயின் திருத்தி, ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். எமக்கு ஆகாததைத் தள்ளிவிட்டு ஸதகா என்று பெயர் வைப்பது முறையல்ல. எதற்கும் உதவாததை வளவில் போட்டு எரிக்க வேண்டாம். ஈயம் உட்பட நச்சுப் பொருட்கள் அதில் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதே சரி.

இவ்வளவையும் பார்த்து முடிக்க இரண்டு நாள் பிந்தலாம். பிந்தினால் எதுவும் குறைந்துவிடாது. அவசரத்தில் வாங்கிய சாமானுக்குத்தான் பிறகு வருடக்கணக்கில் செலவழிக்க வேண்டி வரும். தேவையை எழுதிய துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தத் துண்டில் இல்லாத எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம்.