பரிந்துரையும் தரகும்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு வருபவர்கள் எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்குவதில்லை. எந்தக் கடையில் வாங்கும் சேலை சாயம் போகாது, எங்கே முறுக்கு மாவு புதிதாகக் கிடைக்கும் என்பதையெல்லாம் அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இதே கதைதான். அந்தச் சொல்லுக்கு அவர்கள் காசு வாங்குவதில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம். அத்தை அனுப்பிவைக்கும் ஒவ்வொருவருக்கும் கடைக்காரர் அவருக்குப் பத்து ரிங்கிட் கொடுத்து வந்தார் என்பது பின்னர் தெரியவந்தால் என்ன ஆகும்? வாங்கிய சேலை நல்ல சேலையாகவே இருக்கலாம். ஆனாலும், அடுத்த ஆண்டு அத்தை சொல்லும் கடைக்குப் போகச் சற்றுத் தயக்கம் வரத்தான் செய்யும்.

இணையத்தில் இத்தகைய பரிந்துரை ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. வலைப்பூ எழுதுபவர் ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதை விற்கும் மின்வணிகத் தளத்துக்கு ஓர் இணைப்பைக் கொடுக்கிறார். அந்த இணைப்பில் அவருக்கே உரிய அடையாளக் குறி அடங்கியிருக்கும். வாசகர் அதைச் சொடுக்கியதும் ‘குக்கி’ எனப்படும் சிறு கோப்பு வாசகரின் உலாவியில் பதிவாகிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் பொருளை வாங்கினால், யாருடைய இணைப்பின் வழியாக வந்தார் என்பது கடைக்குத் தெரிந்துவிடும். விற்பனைத் தொகையில் ஒரு பங்கு வலைப்பதிவருக்குத் தரகாகச் சேரும். இதற்கு இணைப்புச் சந்தைப்படுத்தல் என்று பெயர். ‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ என்ற பெயரே பலருக்குப் பழக்கம்.

எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் நுணுக்கங்கள் பல. அமேசான் தளத்தில் மேற்சொன்ன காலம் பொதுவாக 24 மணி நேரம் மட்டுமே. காலையில் இணைப்பைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, வீட்டாரிடம் கலந்து பேசி, இரண்டு நாள் கழித்து நேராகத் தளத்துக்குப் போய் வாங்குபவரால் வலைப்பதிவருக்கு ஒரு சென்னும் வராது. அது யாருடைய குற்றமும் அன்று, விதியே அப்படித்தான்.

இம்முறை தோன்றிச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இசை வட்டுகளை விற்ற சிடிநவ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1994 நவம்பரில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அமேசான் 1996 ஜூலையில் தன் திட்டத்தை அறிமுகப்படுத்திய பிறகே இது உலகெங்கும் பரவியது. நம் நாட்டில், 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நஃப்னாங் நிறுவனம் வலைப்பூக்களில் விளம்பரம் இடுவதற்கு வழிவகுத்தது. வலைப்பூ எழுதினால் வருமானம் வரும் என்பதை மலேசிய இளையோர் பலர் முதன்முதலாக அறிந்தது அப்போதுதான். 2012இல் லஸாடாவும் 2015இல் ஷாப்பியும் இங்கே கடை விரித்தன. இதற்கிடையில் 2014இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட இன்வோல்வ் ஏசியா, விற்பனையாளர்களையும் வலைப்பதிவர்களையும் இணைக்கும் பாலமாகச் செயல்படத் தொடங்கியது. இன்று வலைப்பூக்களைவிடக் காணொலிகளிலேயே இத்தகைய இணைப்புகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. தளம் மாறினாலும் தொடக்கநிலைத் தவறுகள் மாறவில்லை.

அத்தவறுகளைத் தம் அனுபவத்திலிருந்து மறைக்காமல் எழுதியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த டேரன் ரவுஸ். அவர் 2002ஆம் ஆண்டின் இறுதியில் வலைப்பூ எழுதத் தொடங்கினார். பின்னர், தாம் எடுத்த ஒளிப்படங்களைக் காட்டுவதற்காக வேறொரு வலைப்பூவை அமைத்தார். வந்தவர்களில் மிகச் சிலரே படங்களைப் பார்த்தார்கள். தம்மிடமிருந்த இலக்கமுறைக் கேமராவைப் பற்றி அவர் எழுதிய மதிப்புரையைத் தேடித்தான் பலர் வந்தார்கள். தாம் காட்ட விரும்பியது ஒன்று, வாசகர் தேடி வந்தது வேறொன்று என்பதை உணர்ந்த அவர், அந்த வலைப்பூவைக் கேமரா மதிப்புரைகளுக்கு உரியதாக மாற்றினார். அமேசான் இணைப்புகளின் வழியும் கூகல் விளம்பரங்களின் வழியும் சிறு தொகைகள் வரத் தொடங்கின. வருமானம் மெல்ல மெல்ல உயர்ந்து, இதையே முழுநேரத் தொழிலாக்கலாம் என்னும் நம்பிக்கையும் பிறந்தது.

2004 டிசம்பரில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. கூகல் தன் தேடல் முறையில் செய்த மாற்றத்தால் அவருடைய பக்கங்கள் தேடல் முடிவுகளிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயின. வாசகர்கள் குறைந்தனர்; வருமானமும் சரிந்தது. பழைய நிலை திரும்ப இரண்டு மாதங்கள் ஆயின. அவருடைய எழுத்தில் எந்தக் குறையும் ஏற்பட்டுவிடவில்லை. வாசகர்கள் எல்லாரும் ஒரே வாசல் வழியாக வந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் குறை. 2006இல் அவர் ஒளிப்படக் கலையைக் கற்பிக்கும் வலைத்தளத்தைத் தொடங்கியபோது, வாசகர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் மடல் அனுப்பும் முறைக்கு முதன்மை கொடுத்தார். தேடுபொறி கைவிட்டாலும் மடல் போய்ச் சேரும் அல்லவா?

இதே பாடத்தைப் பின்னாளில் மற்றவர்களும் கற்க நேர்ந்தது. 2011 பிப்ரவரியில் கூகல் ‘பாண்டா’ எனப்பட்ட மாற்றத்தைக் கொண்டுவந்து, பயனற்ற உள்ளடக்கம் நிறைந்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2020 ஏப்ரலில் அமேசான் தரகு விகிதங்களைக் குறைத்தது. அறைகலன்களுக்கான விகிதம் 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாக இறங்கியது. அந்த ஒரே ஊற்றை நம்பியிருந்தவர்கள், எந்தத் தவறும் செய்யாமலேயே பாதிக்கு மேற்பட்ட வருமானத்தை இழந்தார்கள்.

நம் சூழலில் இத்தவறுகள் எப்படி நிகழக்கூடும் என்பதைக் காண ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்ளலாம். கிள்ளானில் வாழும் மாலதி சமையல் வலைப்பூ எழுதுகிறார். அவருடைய தோசை மாவுக் குறிப்பைக் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பூச்சோங்கிலும் பலர் பின்பற்றுகிறார்கள். ‘எந்த இயந்திரத்தில் மாவு அரைக்கலாம், அக்கா?’ என்று ஒரு வாசகி கேட்கிறார். மாலதி அமேசானின் அமெரிக்கத் தளத்துத் திட்டத்தில் சேர்கிறார். அங்கு விற்கப்படும், கோயம்புத்தூரில் செய்யப்பட்ட மாவரைக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டு, அதன் விவரங்களைத் தமிழில் மொழிபெயர்த்து, இணைப்பையும் இடுகிறார். இயந்திரத்தின் விலை 900 ரிங்கிட். 3 விழுக்காட்டுத் தரகு என்றால் அவருக்குக் கிடைக்கப்போவது 27 ரிங்கிட். அந்த இயந்திரத்தை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

வாசகி வாங்கிவிடுகிறார். கப்பல் கட்டணமே பொருளின் விலையை எட்டிவிடுகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய இக்கட்டு சுவரில் இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்படும் இயந்திரம் 110 வோல்ட் மின்சாரத்துக்கு உரியது. மலேசிய வீடுகளில் வருவது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். 240 வோல்ட் அளவில். மின்செருகியும் பொருந்தாது. எதையாவது மாட்டிப் பொருத்தி இயக்கினால் மோட்டார் எரிந்துபோகும். இந்தியத் தளத்திலிருந்து வாங்கினால் வோல்ட் அளவு ஏறத்தாழ ஒத்துவரும். ஆனால், அங்குள்ள செருகியின் முனைகள் உருண்டை, இங்குள்ளவை பட்டை. மேலும், நம் நாட்டில் விற்கப்படும் வீட்டு மின்சாதனங்கள் பலவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் முத்திரையும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியாகத் தருவிக்கும் பொருளில் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது.

மாலதி பொய் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு விவரமும் விற்பனையாளரின் பக்கத்தில் உள்ளதுதான். மாவரைக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதினாரே தவிர, கிள்ளானில் ஒரு சமையலறையில் அது எப்படி இயங்கும் என்பதை எழுதவில்லை. வாசகி அவரிடம் கேட்டதோ அதைத்தான். 27 ரிங்கிட்டுக்காக ஒரு வாசகியை மட்டும் அவர் இழக்கவில்லை. அந்த வாசகி தம் குடும்பப் புலனக் குழுவில் இதைச் சொல்லாமலா இருப்பார்?

அடுத்த முறை மாலதி வேறு வழியில் போகலாம். உள்ளூரில் கிடைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியோ உறவினர் வீட்டில் இரவல் பெற்றோ அரைத்துப் பார்க்கலாம். நான்கு குவளை அரிசியும் ஒரு குவளை உளுந்தும் அரைபட எத்தனை நிமிடம் ஆகிறது, அடுக்குமாடி வீட்டில் அதிகாலையில் இயக்கினால் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா, கல்லைத் தூக்கிக் கழுவ வயதானவர்களால் முடியுமா, பழுதானால் கிள்ளானில் யார் பார்ப்பார்கள் என்பவற்றை எழுதலாம். உளுந்து நன்றாகப் பொங்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். குறையைச் சொன்னால் விற்பனை போய்விடும் என்னும் அச்சம் புதியவர்களுக்கு இயல்பு. ஆனால், குறையைப் படித்த பிறகும் வாங்குபவர் பொருளை அறிந்தே வாங்குகிறார். திருப்பி அனுப்பும் வாய்ப்பு குறைகிறது.

பொருளைச் சோதித்துப் பார்த்து எழுதுவது பெருந்தொழிலாகவும் வளரக்கூடும். பிரையன் லாம் என்பவர் 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ‘வயர்கட்டர்’ தளம் இம்முறையிலேயே இயங்கியது. ஒவ்வொரு வகையிலும் பல பொருள்களை நீண்ட நேரம் சோதித்து, சிறந்தது என்று தோன்றியதைப் பரிந்துரைத்தது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி இணைப்புத் தரகுதான். 2016இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை ஏறக்குறைய 30 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. எல்லாராலும் அந்த உயரத்தை எட்ட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இணைப்பு இட்ட மறுநாளே பணம் கொட்டும் என்று காணொலிகளில் பேசுபவர்களுள் சிலர், அந்தப் பேச்சையே பயிற்சி வகுப்பாக விற்றுச் சம்பாதிப்பவர்கள்.

தரகு பெறுவதை மறைப்பது மற்றொரு தொடக்கநிலைத் தவறு. பலர் இதை ஏமாற்றும் எண்ணத்தோடு செய்வதில்லை, சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2009ஆம் ஆண்டு தன் வழிகாட்டிகளைத் திருத்தியபோது, பணமோ பொருளோ பெற்று எழுதும் வலைப்பதிவர்கள் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று கூறியது. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட தொடர்பு, பல்லூடக உள்ளடக்க நெறிமுறையும் பணம் பெற்று வெளியிடும் பதிவுகளைக் குறித்து இதையே எதிர்பார்க்கிறது. தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரங்களைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தடை செய்கிறது. மாலதி எழுத வேண்டியது இரண்டே வாக்கியங்கள்: ‘இந்த இணைப்பின் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குச் சிறு தரகு கிடைக்கும். இயந்திரத்தை என் பணத்தில் வாங்கி, மூன்று மாதம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.’ இவ்வாக்கியங்கள் முதல் இணைப்புக்கு மேலே இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இட்டால் கண்ணில் படாது.

கணக்கு வழக்கிலும் புதியவர்கள் இடறுவதுண்டு. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் மாலதியின் இணைப்புகள் வழியாகப் பலர் சேலையும் குர்தாவும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். திட்டத்தின் பக்கத்தில் 400 ரிங்கிட் என்று காட்டுகிறது. அதை நம்பி அவர் புதிய கைப்பேசிக்கு முன்பணம் கட்டிவிடுகிறார். பண்டிகை முடிகிறது. அளவு பொருந்தாத உடைகளும் நிறம் பிடிக்காத சேலைகளும் கடைக்குத் திரும்பிப் போகின்றன. திருப்பி அனுப்பிய பொருளுக்குத் தரகு கிடையாது. திரையில் முதலில் தெரிந்த தொகை உறுதி செய்யப்படாத தொகை. பொருளைத் திருப்பி அனுப்பும் காலம் முடிந்த பிறகே அது உறுதியாகும். கைக்கு வந்தது 260 ரிங்கிட்.

வந்த பணமும் வருமானம்தான். உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து தொழிலாகச் செய்பவர், தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். மாலதி இப்போது ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் திரை காட்டும் தொகை, வலப்பக்கத்தில் வங்கிக்கு வந்த தொகை. பின்பக்கத்து உறையில் மாவரைக்கும் இயந்திரம் வாங்கிய ரசீதும் இருக்கிறது. இவற்றை அவர் ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.