ராக் பாடல்களில் அணுகுண்டு அச்சம்

ராக் இசை என்றதும் காதைத் துளைக்கும் மின்கிதாரும் காதற்பாட்டுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும், உலக அரசியலின் கடினமான கோட்பாடு ஒன்றைச் சில ராக் பாடல்கள் கூர்மையாக ஆராய்ந்துள்ளன. அதனை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

'நீ என்னை அழித்தால் நானும் உன்னை அழிப்பேன்' என இரு வல்லரசுகள் அணு ஆயுதங்களை ஏந்தி எதிரெதிரே நிற்கும். அந்த அச்சத்தால் எவரும் முதலில் தாக்கமாட்டார் என்பதே அணு ஆயுத அச்சுறுத்தல் கோட்பாடு. இருதரப்பும் உறுதியாக அழியும் என்னும் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சுருக்கப் பெயர் 'மேட்'. அச்சொல்லுக்குப் பைத்தியம் என்னும் பொருளும் உண்டு!

இக்கோட்பாடு இரண்டு நம்பிக்கைகளைத் தூண்களாகக் கொண்டது. ஒன்று, எச்சரிக்கைக் கருவிகள் தவறு செய்யா. மற்றொன்று, எதிரியும் வாழவே விரும்புவான்.

முதல் தூணை அசைத்துப் பார்த்தது, மேற்கு ஜெர்மனியின் நேனா குழுவினர் 1983-இன் தொடக்கத்தில் வெளியிட்ட '99 லுஃப்ட்பலோன்ஸ்'. 1982-இல் மேற்கு பெர்லினில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் இசை நிகழ்ச்சியில் பறக்கவிடப்பட்ட பலூன்களைக் கண்ட கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸ், அவை பெர்லின் சுவரைக் கடந்து சென்றால் என்னாகும் எனச் சிந்தித்தார். பாடலில் அப்பலூன்களால் போர் மூண்டு உலகமே பாழாகிறது.

இது வெறுங் கற்பனையா? அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் பாய்ந்து வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி அலறியது. பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி, 'உண்மைத் தாக்குதலாயின் ஐந்து ஏவுகணைகள் மட்டுமா வரும்?' என ஐயுற்று, அது பொய் எச்சரிக்கை என மேலிடத்துக்கு அறிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியே செயற்கைக்கோளை ஏமாற்றியது எனப் பின்னர் தெரிந்தது. அன்று உலகைக் காத்தது கோட்பாடன்று. ஒரு மனிதனின் ஐயமே.

இரண்டாம் தூணைத் தொட்டவர் ஆங்கிலப் பாடகர் ஸ்டிங். 1985-இல் வெளியான அவரது 'ரஷ்யன்ஸ்', ரஷ்ய இசைமேதை புரோகோபியெவின் மெட்டொன்றைக் கையாள்கிறது. ரஷ்யரும் தம் குழந்தைகளை நேசிப்பவராயின் நாம் பிழைப்போம் என்பதே அதன் கருத்து. இதில் ஒரு பெரும் முரண்பாடு வெளிப்படுவதாக நான் கருதுகிறேன். மேடைதோறும் எதிரியை இரக்கமற்ற அரக்கன் எனத் தூற்றும் அரசுகள், அவ்வரக்கனின் பிள்ளைப்பாசத்தை நம்பியல்லவா இரவில் உறங்கின! எதிரியும் மனிதனே என்பதை ஒப்புக்கொள்ளாமல் அச்சுறுத்தல் கோட்பாடு நிற்காது. ஒப்புக்கொண்டாலோ, அவனைக் கோடிக்கணக்கில் கொல்ல ஆயுதம் குவிப்பதற்கு நியாயமேது?

1991-இல் சோவியத் யூனியன் மறைந்தது, ஏவுகணைகள் மறையவில்லை. உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்த 2022-இல் ஸ்டிங் அதே பாடலை மீண்டும் பதிவு செய்து வெளியிட்டார். பழைய பாட்டு இன்னும் பொருந்துவது கலைஞனுக்குப் பெருமையாகலாம். மனித குலத்துக்குப் பெருமையன்று.