காற்று அழித்த ஊர் காற்றால் வாழ்கிறது!

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சாஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை வயல். அந்த வயல்களுக்கு நடுவே கிரீன்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். 2007-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே சுமார் 1,400 பேர் வசித்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் அங்கே ஒரு கிணற்றைப் பார்க்க வருவார்கள். அதன் ஆழம் 109 அடி. அகலம் 32 அடி. 1887-ல் தொடங்கி 1888-ல் முடித்தார்கள். எந்திரம் இல்லாமல் மனிதர்கள் கையாலேயே தோண்டிய கிணறு அது.

அந்தக் கிணற்றைத் தவிர ஊருக்கு வேறு பெருமை இல்லை. ஆனால் ஒரே இரவில் உலகமே அந்த ஊரின் பெயரைத் தெரிந்துகொண்டது.

சங்கு ஊதியது

2007-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு. பெரிய சுழற்காற்று வருகிறது என்று வானிலை நிலையம் எச்சரித்தது. அபாயச் சங்கு ஊதியது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறைகளில் பதுங்கினார்கள்.

இரவு 9-45 மணி சுமாருக்குக் காற்று ஊருக்குள் புகுந்தது. அந்தச் சுழலின் அகலம் 1.7 மைல். வேகம் மணிக்குச் சுமார் 205 மைல். ஊரையே ஒரு வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய பூதம்!

சில நிமிடங்கள்தான். நிலவறையிலிருந்து வெளியே வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். வீடு இருந்த இடத்தில் மரக்கட்டைகள் கிடந்தன. பள்ளிக்கூடம் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. நகரசபைக் கட்டிடம் இல்லை. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தரைமட்டம்!

பதினொரு பேர் இறந்தார்கள். முன்கூட்டியே சங்கு ஊதியிராவிட்டால் சாவு பல மடங்கு ஆகியிருக்கும்.

போவதா, இருப்பதா?

வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் சக்கர வீடுகளைக் கொடுத்தது. ஊர்க்கூட்டங்கள் கூடாரத்தில் நடந்தன. எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான். ஊரைத் திரும்பக் கட்டுவதா? அல்லது ஆளுக்கு ஒரு திசையாகப் போய்விடுவதா?

காற்று வருவதற்கு முன்பே அந்த ஊர் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. படித்த பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பழையபடியே கட்டினால் பழையபடியேதான் தேயும். ஆகவே, "கட்டுவது என்றால் புதுமாதிரியாகக் கட்டுவோம்" என்ற பேச்சு எழுந்தது. மின்சாரம் குறைவாகச் செலவாக வேண்டும். மழைத் தண்ணீர் வீணாகக் கூடாது. வெயிலும் காற்றும் வேலை செய்ய வேண்டும். இத்தகைய வீடுகளைப் "பச்சை வீடுகள்" என்கிறார்கள்.

விவசாயிகள் பலர் முதலில் முகம் சுளித்தார்கள். பச்சை, சுற்றுச்சூழல் என்பதெல்லாம் பட்டணத்துக்காரர்களின் பேச்சு என்று நினைத்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய பாட்டனார்கள் காற்றாடி வைத்துத்தான் தண்ணீர் இறைத்தார்கள். எந்தப் பொருளையும் வீணாக்காமல் சிக்கனமாகத்தான் வாழ்ந்தார்கள். அப்படியானால் இது புதுச் சங்கதி அல்லவே!

நகரசபை துணிந்து ஒரு தீர்மானம் போட்டது. 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகரசபைக் கட்டிடங்கள் எல்லாம் "பிளாட்டினம்" தரத்தில் இருக்க வேண்டும் என்பது தீர்மானம். பச்சைக் கட்டிடங்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கப்படும் மிக உயர்ந்த தரம் அது. அந்த நாட்டில் இப்படித் தீர்மானம் போட்ட முதல் ஊர் கிரீன்ஸ்பர்க்தான்.

டெலிவிஷனில் ஒரு ஊர்

அந்தச் சமயத்தில், பச்சை வாழ்க்கையைக் காட்டும் டெலிவிஷன் நிகழ்ச்சிகள் பிரபலமாகிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் 2006-ல் டிக் ஸ்ட்ராபிரிட்ஜ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, பண்ணை வீட்டில் நீர்ச்சக்கரம் வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். அமெரிக்க நடிகர் எட் பெக்லி, சைக்கிள் மிதித்து, அந்த மின்சாரத்தில் ரொட்டி வாட்டினார். அதைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள், ரசித்தார்கள்.

அவை ஒரு வீட்டின் கதை. கிரீன்ஸ்பர்க்கில் நடந்ததோ ஒரு ஊரின் கதை. நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ தயாரிப்பாளர்களில் ஒருவராகச் சேர்ந்தார். "பிளானட் கிரீன்" என்ற புதிய டெலிவிஷன் நிலையம் 2008-ம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கியது. அதே மாதத்தில் "கிரீன்ஸ்பர்க்" தொடரும் ஒளிபரப்பாயிற்று. இதில் கைதட்டல் மட்டும் இல்லை. கட்டுச் செலவை எண்ணித் திண்டாடிய குடும்பங்களையும் ஜனங்கள் பார்த்தார்கள்.

பூமிக்கு அடியில் ஒரு உதவி

கான்சாசில் கோடையும் கடுமை, குளிரும் கடுமை. அதற்குப் பூமியையே துணைக்கு அழைத்தார்கள்.

பனிக்காலத்து விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கோடையில் அதுவே குளிர்ச்சியாகத் தெரியும். காரணம், ஆழத்தில் உள்ள மண் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கிறது. அந்த ஆழத்துக்குக் குழாய்களை இறக்கி, தண்ணீரைச் சுற்றிவர விட்டார்கள். குளிர்காலத்தில் அது கட்டிடத்துக்குச் சூடு கொண்டுவருகிறது. கோடையில் கட்டிடத்தின் சூட்டை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிறது.

காற்றில் இடிந்த பழைய மின்நிலையத்தின் செங்கற்களைப் பொறுக்கி, புதிய நகரசபைக் கட்டிடத்தில் வைத்தார்கள். தெருவிளக்குகள் எல்லாம் எல்.இ.டி. விளக்குகள் ஆயின. கான்சாஸ் சர்வகலாசாலை மாணவர்கள் ஒரு கலைக்கூடத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பெயர் "5.4.7". காற்று அடித்த தேதியே அதன் பெயர்!

புதுக் கட்டிடங்களில் பதின்மூன்றைக் கணக்கு எடுத்தபோது, எரிசக்திச் செலவில் வருடத்துக்கு 2 லட்சம் டாலர் மிச்சம் என்று தெரிந்தது.

பகைவனே பணியாள்

2010-ல் ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள் எழுந்தன. அவற்றை வார்த்தவர்கள் புனாவில் தலைமை அலுவலகம் கொண்ட சுஸ்லான் என்ற இந்தியக் கம்பெனியார். பத்தும் சேர்ந்து 12.5 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியவை. 4,000 வீடுகளுக்கு அது போதும். ஊருக்கு வேண்டியதைவிட அதிகம். எந்தக் காற்று ஊரைத் தின்றதோ, அந்தக் காற்றே இப்போது விளக்கு ஏற்றுகிறது!

போனதும் நின்றதும்

தொடர் மூன்று பருவங்களோடு 2010-ல் முடிந்தது. "பிளானட் கிரீன்" நிலையமும் 2012-ல் பெயரை மாற்றிக்கொண்டு வேறு நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டது. படம் பிடித்தவர்கள் போனார்கள். கட்டிடங்கள் நின்றன.

ஆனால் கட்டிடம் மட்டும் ஊர் ஆகாது. 2010-ம் ஆண்டு ஜனக்கணக்கில் அங்கே 777 பேர்தான் இருந்தார்கள். 2020-ல் 740 பேர். பழைய ஜனத்தொகையில் இது ஏறக்குறையப் பாதி. பழைய வீட்டின் விலைக்குப் புது வீடு கட்ட முடியாதவர்கள் திரும்பி வரவில்லை. மின்சாரச் செலவைக் குறைக்கும் வீடானாலும், அதைக் கட்டக் கையில் முதல் வேண்டுமே!

இருந்தாலும் சுடுகாடு போல் ஆகிவிடும் என்று நினைத்த இடத்தில், இன்று பள்ளிக்கூட மணி அடிக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. பழைய கிணற்றின் மேல் 2012-ல் புதிய காட்சிசாலை திறந்தார்கள். அந்தக் கிணற்றைக் காற்றால் அழிக்க முடியவில்லை. மனிதர்கள் கையால் தோண்டியது அல்லவா?