முதல் பால் யாருக்கு?

மாடு கன்று போட்டால் முன்பெல்லாம் நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கன்றை ஊட்ட விடலாம் என்பார்கள். அது தப்பு, சீக்கிரமே சீம்பால் கன்றின் வயிற்றுக்குள் போயாகணும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லித்தான் நாம் மாறினோம். நோயை எதிர்க்கும் சக்தியே கன்றுக்கு அந்தப் பாலில்தான் கிடைக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதே பாடம்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 100 குழந்தைகளில் 42 பேருக்குத்தான் அது கிடைக்கிறது. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், தெருவில் விற்கும் கழுதைப்பால் என்று எதையாவது நாக்கில் தடவுகிறோம். மஞ்சளாய், கெட்டியாய் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டியவர்களும் உண்டு. குழந்தையின் குடலுக்குக் காவல் அதுதான்.

இயற்கை உழவர்களுக்குச் சட்டென்று புரிகிற சங்கதி ஒன்று. தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. செரிக்காத பொருள் எதற்கு? குழந்தையின் குடலில் வளரும் நல்ல நுண்ணுயிர்களுக்கு அதுதான் தீனி. தொழுஉரம் போட்டு மண்ணின் நுண்ணுயிர்களை வளர்க்கிறோமே, அதே வேலை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

"எங்க வீட்டு நாட்டு மாட்டுப் பால்தானே, சுத்தமானது" என்று சிலர் கேட்கலாம். ஒரு வயதுக்குள் அதுவும் வேண்டாம். தாய்ப்பாலைவிட மாட்டுப்பாலில் புரதம் சுமார் மூன்று மடங்கு. குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது சுமை. இரும்புச்சத்தும் போதாது. பசுவின் பால் கன்றுக்கென்று அமைந்தது.

இன்னொன்றும் நம் தலையில்தான் விழுகிறது. 2001-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் காசர்கோடு பத்ரே கிராமத்தில் ஆய்வு செய்தபோது தாய்ப்பாலிலும் எண்டோசல்ஃபான் இருந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. இதைக் கேட்டுப் பாலூட்டுவதை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அப்போதும் தாய்ப்பாலே சிறந்தது. நிறுத்த வேண்டியது தெளிப்பானை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். வங்கியில் இருந்த காலத்தில் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பு மனுவில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். 2017 முதல் சட்டப்படி அந்த விடுப்பு 26 வாரம். ஓய்வு பெற்று வடலூர் பக்கம் விவசாயத்துக்கு வந்த புதிதில், மல்லாட்டைக்குக் களை வெட்ட ஒரு பெண் வந்தார். வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. பதினொரு மணிக்கு, "கொஞ்சம் வூட்டுக்குப் போய்ட்டு வந்துடறேங்கய்யா" என்றார். "இந்தப் பாத்தியை முடிச்சிட்டுப் போம்மா" என்றேன். அன்றைக்கு மட்டுமல்ல, தினமும் அப்படித்தான். குழந்தை புட்டிப்பாலுக்குப் போனது. சப்பாத முலையில் பால் வற்றும், கறக்காத மடி மாதிரி. அடுத்த மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பிழைத்தது. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2015-ல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. சட்டப்படி, மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்கு வரும் தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. தினக்கூலிக்கு வயலுக்கு வரும் தாய்க்கு இதெல்லாம் எட்டுவதில்லை. அங்கே கொடுக்க வேண்டியது நாம்தான்.

இப்போது என் கொல்லையில் புங்க மரத்தடியில் ஏணை கட்ட இடம் உண்டு. பக்கத்தில் குடிக்கத் தண்ணீர்ப் பானை. கைக்குழந்தைக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பாலூட்டலாம். கூலியில் பிடித்தம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

1867-ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இந்த ஊரில் இன்னும் அணையவில்லை. நம் வரப்பிலேயே ஒரு பிள்ளை பசித்து அழுதால், நஞ்சில்லா விவசாயம் செய்கிறோம் என்று எப்படிச் சொல்வது?