இழுத்தால் மீளும்

கமுந்திங் தொழிற்பேட்டையில் தயாராகும் ரப்பர் கையுறையை இழுத்துப் பாருங்கள். பல மடங்கு நீளும். விட்டதும் பழைய அளவுக்கே வந்துவிடும். இந்தக் குணத்தைத்தான் ஆங்கிலத்தில் எலாஸ்டிக் என்கிறார்கள். நமக்கு அது பாவாடை இடுப்புப் பட்டையின் பெயர். 1650களில் ஐரோப்பிய அறிஞர்கள் அந்தச் சொல்லைக் காற்றுக்குத்தான் முதலில் சூட்டினார்கள். அழுத்திப் பிடித்த காற்று எதிர்த்துத் தள்ளுகிறதல்லவா? திடப்பொருள்களுக்கு அது பிறகே வந்தது.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் தெரியும். சீவிய காயத்தில் பால் காய்ந்து இழையாக ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அதை உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவார்கள். நன்றாகத் துள்ளும். ஆனால் அதே இழையை வெகுநேரம் இழுத்து வைத்தால் முழுதாக மீளாது, வெயிலில் பிசுபிசுக்கும்.

காரணம் அதன் மூலக்கூறுகளில் இருக்கிறது. ரப்பர் மூலக்கூறு மிக நீளமான சங்கிலி. சும்மா இருக்கும்போது சிக்குப் பிடித்த நூலைப்போல் சுருண்டு கிடக்கும். இழுத்தால் நேராகும், விட்டால் வெப்பத்தின் அதிர்வே அதைத் திரும்பவும் சுருட்டிவிடும். தடித்த ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள், இளஞ்சூடு தெரியும். சற்றுப் பொறுத்துத் தளர்த்தினால் குளிரும். பச்சை ரப்பரில் சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு விலகிவிடுகின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது அந்தச் சங்கிலிகளுக்கிடையே முடிச்சு விழுந்தது. கோலகங்சாரில் 1877 வாக்கில் பிரிட்டிஷ் அதிகாரி ஹக் லோ நட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பின்னாளில் அத்தனை மதிப்பு வந்ததும் அந்த முடிச்சால்தான்.

கையுறை ஆலையிலும் அதே வேலைதான். பீங்கான் கை அச்சுகள் வரிசையாக நகர்ந்து, முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கும். அடுத்து கந்தகம் கலந்த பாலில். கால்சியம் பட்ட இடத்தில் பால் உறைந்து படலமாகும். சிலருக்கு ஒவ்வாமை தரும் புரதத்தை வெந்நீர் கழுவி எடுக்கும். பிறகு சூட்டடுப்பு, முடிச்சுகள் பெருமளவு விழுவது அங்கேதான்.

எலாஸ்டிக் என்ற சொல்லைப் பொருளியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். விலை ஏறியதும் வாங்குவது வெகுவாகக் குறைந்தால் அந்தத் தேவை எலாஸ்டிக் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் விளக்கினார். அரிசிக்கு அது பொருந்தாது. ரப்பர் விலை சரிந்து கூலி குறைந்த நாள்களில் அரிசி விலை ஏறினாலும் லயத்து வீடுகளில் உலை வைத்துத்தானே ஆகவேண்டும்?