சீருடையும் மருத்துவக் கல்வியும்

மருத்துவராக வேண்டும், படை அதிகாரியாகவும் விளங்க வேண்டும். இவ்விரு வேட்கைகளையும் ஒருங்கே நெஞ்சில் ஏந்தி அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் நுழையும் இளைஞர் உண்டு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடுமோ எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே.

அந்நாட்டில் பொதுவாக நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே மருத்துவக் கல்லூரியில் சேர இயலும். அந்நான்கு ஆண்டுகளுக்குள் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வுக்கூடப் பயிற்சியுடன் கற்று, எம்காட் என்னும் நுழைவுத் தேர்வையும் எழுதவேண்டும். மறுபுறம், 1916ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆர்.ஓ.டி.சி. என்னும் அதிகாரிப் பயிற்சித் திட்டம் பல கல்லூரிகளில் நடைபெறுகிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாகிய நாட்டர் டேமிலும் அது உண்டு. இதன் உதவித்தொகை பெறுவோரின் கல்விச் செலவு பெரிதும் குறைகிறது.

ஆனால், வாரத்தில் பல நாள் வைகறையிலேயே உடற்பயிற்சி, பின்னர் வகுப்பு, பிற்பகலில் ஆய்வுக்கூடம், இரவில் பாடம். இங்கு முதலில் பலியாவது உறக்கமே. உறக்கம் கெட்டால் படித்ததும் மனத்தில் தங்காது, பயிற்சிக் களத்தில் உடலும் தளரும். எனவே கடினமான பாடங்களை ஒரே பருவத்தில் குவிக்காமல் பகிர்ந்துகொள்வதே அறிவுடைமை.

மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடையே பெருஞ்சோதனை. தரைப்படைப் பயிற்சி மாணவர்கள் கென்டக்கி மாநிலத்து நாக்ஸ் கோட்டையில் ஏறத்தாழ ஐந்து வாரம் முகாமில் தங்கவேண்டும். மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் காலமும் அதுவே. ஆதலால் தேர்வையும் பரிந்துரைக் கடிதங்களையும் வசந்த காலத்திற்குள் முடித்துக்கொள்வது நலம்.

இவையனைத்தினும் மேலான கேள்வி ஒன்று உண்டு. பட்டம் பெற்றவுடன் மருத்துவம் பயிலப் படைத்துறையின் இசைவு வேண்டும். இசைந்தால்தான் பணி தள்ளிவைக்கப்படும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிடில், வேறொரு பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றியே தீரவேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவப்பட்ட படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லை. ஆயினும் பயிற்சி முடித்தவர் ஏழாண்டு பணிபுரியக் கடமைப்பட்டவர்.

ஆகவே பெற்றோரே, உதவித்தொகையின் அளவை எண்ணிப் பார்க்குமுன், “மருத்துவராக இயலாமற் போனாலும் இச்சீருடையை மனநிறைவோடு அணிவாயா?” என்று பிள்ளையிடம் வினவுங்கள். உதவித்தொகை பெறாதோர்க்கு முதலிரண்டு ஆண்டுகள் கட்டுப்பாடின்றிப் பயின்று பார்க்கும் வாய்ப்புண்டு. அவ்விடைவெளி, இக்கேள்விக்கு நேர்மையான விடை காண்பதற்கே பயன்படட்டும்.