ஓர் இணைப்பு, பல கணிப்பொறிகள்

எங்கள் ஊர் கீழக்குயில்குடி. சமணர் மலையின் அடிவாரத்தில் உள்ளது. கண்மாயின் ஒரு மடையைத் திறந்தால் பல வயல்களுக்குத் தண்ணீர் பாய்வதைச் சிறு வயது முதலே பார்த்து வருகிறோம். வீட்டிற்கு வரும் ஒரே இணைய இணைப்பைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொள்வதும் ஏறத்தாழ அப்படித்தான். அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மேலூரில் ஒரு முயற்சி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. ஆனால் கிராமங்களை எட்ட அதற்கு வெகுகாலம் ஆயிற்று. 2001-இல் நம் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில் ஓர் அரிய முயற்சி நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையின் மூலம் கிராமங்களில் இணைய நிலையங்கள் அமைந்தன. வேகம் வினாடிக்கு 35 கிலோபிட்தான். அதைக் கொண்டே கண் நோயுற்றவரின் கண்ணைப் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றனர். பின்னாளில் அந்நிலையங்களில் பல மூடப்பட்டன. என்றாலும், ஓர் இணைப்பு ஓர் ஊருக்கே உதவ முடியும் என்பதை அவை காட்டின. இன்று வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள கண்ணாடி இழை இணைப்பு வீட்டிற்கே வருகிறது. அந்தப் பழைய வேகத்தைப் போல் 2,800 மடங்குக்கும் அதிகம்!

விடுதியும் முகவரியும்

இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி வேண்டும். ஆரம்பத்தில் வகுத்த முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலக மக்கள்தொகையோ 800 கோடிக்கும் மேல். ஆளுக்கு ஒன்று கூடக் கிடைக்காது. இக்குறையைச் சமாளிக்க 1994-இல் கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் என்னும் இரு பொறியாளர்கள் ஒரு வழியை வெளியிட்டனர்.

மாணவியர் விடுதியை எண்ணிப் பாருங்கள். வெளியுலகிற்கு விடுதியின் முகவரி ஒன்றே. உள்ளே ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை எண். யாராவது கடிதம் எழுதினால், காப்பாளர் அதன் மேல் ஒரு குறிப்பெண்ணை இட்டு, பதிவேட்டில் அவள் பெயரை எழுதிக்கொள்கிறார். பதில் வரும்போது அந்த எண்ணைப் பார்த்து உரியவளிடம் சேர்க்கிறார். பதிவேட்டில் இல்லாத கடிதம் வந்தால் உள்ளே விடுவதில்லை.

வீட்டில் இந்தக் காப்பாளர் வேலையைச் செய்வதுதான் ரூட்டர் என்னும் சிறு பெட்டி. வெளி முகவரி ஒன்றை அது வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள் எண்களை வழங்குகிறது. 'அறை எண் 3' எல்லா விடுதிகளிலும் இருப்பதுபோல, இதே எண்கள் எல்லா வீடுகளிலும் இருக்கலாம், குழப்பம் நேராது. கைப்பேசியின் இணைப்பைப் பிறருக்குப் பகிரும்போது கைப்பேசியே ரூட்டர் ஆகிவிடுகிறது.

கடைமடையும் காய வேண்டாம்

தலைமடையில் ஒருவரே வாய்க்காலை அகலத் திறந்துகொண்டால் கடைமடை காய்ந்து போகும் அல்லவா? இணைப்பும் அப்படியே. காணொளி வகுப்பு ஒன்றுக்கு வினாடிக்கு 2 அல்லது 3 மெகாபிட் போதும். ஆனால் அதே வேளையில் ஒருவர் பெரிய திரைப்படத்தை இறக்கினால் மற்றவரின் வகுப்பு தடைப்படக்கூடும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது எங்கள் வீட்டில் அப்பாவின் கைப்பேசி ஒன்றே துணை. அண்ணனின் வகுப்பு முடியும்வரை அக்கா காத்திருப்பாள். அக்காவின் வகுப்பு முடியும்வரை நான் காத்திருப்பேன். கடைமடையின் வருத்தம் எனக்குத் தெரியும்.

ரூட்டரை வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வைப்பது நல்லது. தடித்த சுவரும் இரும்பு பீரோவும் அதன் அலைகளைத் தடுக்கும். மேசைக் கணிப்பொறிக்குக் கம்பி இணைப்பே சிறந்தது. அந்தக் கம்பிக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மீட்டர் தூரம் வரை நன்கு வேலை செய்யும்.

கடவுச்சொல் கட்டாயம் தேவை. நம் இணைப்பை யார் பயன்படுத்தினாலும் வெளியுலகுக்குத் தெரிவது நம் வீட்டு முகவரியே. பிறர் செய்யும் தவற்றுக்கு நாம் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒரு மாலைப்பொழுது

சென்ற பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம். மீண்டும் மாட்டியபோது இணையம் வரவில்லை. அண்ணன் வெளியூரில் இருந்தான். அக்காவின் வேலை விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாள். "அதைத் தொடாதே, கெட்டுவிடும், அண்ணன் வரட்டும்" என்றார் அம்மா. நான் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தேன். ஒரே மாதிரித் துளைகள் நான்கு. நிறம் மாறிய துளை ஒன்று. அந்தத் தனித் துளைதான் வெளியிலிருந்து வரும் கம்பிக்கு உரியது. மற்ற நான்கும் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு. நாங்கள் கம்பியை இடம் மாற்றிச் செருகியிருந்தோம். எடுத்துச் சரியான துளையில் மாட்டினேன். சிறிது நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு அக்காவின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அத்தையிடம், "எங்கள் சின்னவளே சரிசெய்துவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்புத் தோழியரே! அடுப்பையும் தையல் இயந்திரத்தையும் பயமின்றிக் கையாளும் நமக்கு இந்தச் சிறு பெட்டி மட்டும் எதற்கு அச்சம் தர வேண்டும்? இன்றே உங்கள் வீட்டு ரூட்டரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் தங்கைக்கும் சொல்லிக் கொடுங்கள்.